கண்ணாடிக் குழாயில் ஏறிய டீசல்

டீசல் பம்ப் பார்க்கிற மெக்கானிக்கிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, வைத்தியரிடம் போய் ஊசி கேட்கிற நோயாளியின் குணம். மாத்திரை போதும் என்றால் முகம் சுருங்கிவிடும். "வண்டி இழுக்க மாட்டேங்குது, கொஞ்சம் டீசலை ஏத்தி விடு" என்று வந்து நிற்பார்கள். ஏர் ஃபில்டரில் ஒரு கூடை மண் இருக்கும். அதைத் தட்டிப் போடுங்கள் என்றால் காதில் ஏறாது. இவர்களுக்கென்றே இந்தத் தொழிலில் ஒரு தண்ணீர் ஊசி உண்டு. பம்பை பெஞ்சில் ஏற்றி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் தொட்ட மாதிரி தொட்டு, அதன்மேல் கட்டியிருக்கும் பழைய ஈய 'சீல்' முத்திரையை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் போதும். "இப்பதான்யா வண்டி வண்டியா இருக்கு" என்று வாயெல்லாம் பல்லாகப் போவார்கள். நம் மெக்கானிக்கும் அந்த ஊசியை எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதைக் கொண்டுபோய் மாமனாருக்கும் போட்டான்.

மாமனாரிடம் ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. படகுக்கும் வயது, அதன் என்ஜினுக்கும் வயது. ஆறு கடலில் சேரும் வாயில் ஒரு மணல்திட்டு உண்டு. கடல் வற்றித் தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஆறு மொத்தமும் அந்த வாய் வழியாகக் கடலுக்குப் பாயும். கடல் அலை உள்ளே வரப் பார்க்கும். இரண்டும் திட்டின் மேல் முட்டிக்கொண்டு கொதிக்கும். பெரிய என்ஜின் வைத்த படகுகள் அதைக் கிழித்துக்கொண்டு துறைக்கு வந்துவிடும். மாமனார் வர மாட்டார். வெளியிலேயே படகை நிறுத்தி, மாமியார் கொடுத்தனுப்பிய ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு, தண்ணீர் திரும்புகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் துறையில் 'பொறுமை' என்றே பெயர். "பொறுமை வந்தாச்சா?" என்று ஒருவன் கேட்பான். "இன்னும் வெளியில தவம் பண்ணிட்டு இருக்காரு" என்று இன்னொருவன் சொல்வான். வந்து சேர்ந்ததும் அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு பல வருஷம் ஓடிற்று.

ஒருநாள் மீன் எடுக்கிற வியாபாரி அவருடைய கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பொறுமை இருக்கு பெரியவரே, மீனுக்கு இல்லையே" என்றான். துறையே சிரித்தது. பக்கத்தில் நின்ற அவருடைய மகன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு மட்டும் மாமனார் சிரிக்கவில்லை. கூடையை அங்கேயே போட்டுவிட்டு நேரே மருமகனின் பட்டறைக்கு வந்தார்.

"மாப்ள, பம்பைக் கழட்டு. டீசலை ஏத்தி விடு."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? கடல்ல உக்காந்து டீ குடிச்சது போதும்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. அவன் பொறுமையாகத்தான் சொன்னான். அந்த என்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் ஏற்கெனவே ஒரு விரிசல். ஒட்டவைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டீசல் கூடினால் சூடு கூடும். "இன்னிக்கு இழுக்கும் மாமா, நாளைக்கும் இழுக்கும். ஒருநாள் நடுக்கடல்ல பிஸ்டன் உருகிப் பிடிச்சுக்கும். அப்ப யாரு வந்து கட்டி இழுப்பா?"

"என்ஜின் யாருது?"

"உங்களுதுதான்."

"அப்ப நான் சொல்றதைச் செய். உனக்கு முடியாதுன்னா சொல்லிடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் பட்டறை வச்சிருக்கான். அவன் கண்ணை மூடிக்கிட்டுத் திருகி விடுவான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் அப்படிப்பட்டவன்தான். அவன் திருகி விட்ட என்ஜின்கள் பழைய இரும்புக் கடையில் வரிசையாகக் கிடந்தன. மெக்கானிக் யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனான். மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள். "அப்பா ஒண்ணு பிடிச்சா விடமாட்டாரு."

"செஞ்சா என்ஜின் போயிடும். நடுக்கடல்ல போச்சுன்னா ஆளும் போயிடும். செய்யலேன்னா அவன்கிட்ட போவாரு."

அவள் ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். "செஞ்சாச்சுன்னு சொல்லிடுங்களேன். ஊருக்கெல்லாம் செய்றீங்களே அந்த வேலையை."

"அவரு மாமாடி."

"அதனாலதான் சொல்றேன். அவரு திருப்தியா இருப்பாரு, என்ஜினும் இருக்கும். எங்கப்பா எனக்கு முழுசா வேணுங்க."

இதைவிட நல்ல வழி அவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று பின்னால் அவன் நினைக்காத நாள் கிடையாது.

மறுநாள் மாமனாரும் மகனும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் அதை டெஸ்ட் பெஞ்சில் பூட்டினான். பெஞ்ச் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மோட்டார் பம்பைச் சுற்றும். பம்ப் துப்புகிற டீசல், கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களில் விழும். இத்தனை அடி அடித்ததும் நிறுத்து என்று பக்கவாட்டில் ஒரு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டால் அது கணக்காக நிறுத்திவிடும். அப்புறம் எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பாக்கி. எல்லோரும் குழாயைத்தான் பார்ப்பார்கள். முள்ளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதலில் உள்ளபடி ஓட்டிக் காட்டினான். பிறகு ஸ்க்ரூவின் மேல் இருந்த சீலை வெட்டினான். ஸ்பேனரை வைத்து அரைச்சுற்று முன்னே திருப்பி, அவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே அரைச்சுற்றைப் பின்னே திருப்பினான். இடுப்பால் மறைத்துக்கொண்டு முள்ளைக் கொஞ்சம் அதிகமாக நகர்த்தினான். மோட்டார் ஓடிற்று. இந்த முறை டீசல் பழைய கோட்டைத் தாண்டி நின்றது.

"பாத்தியாடா!" என்று மாமனார் மகனின் முதுகில் அறைந்தார். "எம்மாம் ஏத்தம்!"

பம்பைப் படகில் திரும்பப் பூட்டும்போது மெக்கானிக் இன்னொரு காரியமும் செய்தான். டைமிங் வைப்பதற்குப் பம்பின் முதல் டீசல் குழாயைக் கழற்றிவிட்டு வளைந்த ஒரு சின்னக் குழலை மாட்டுவார்கள். ஒருவர் என்ஜினின் பிளைவீல் சக்கரத்தை மெல்லத் திருப்ப வேண்டும். குழலின் நுனியில் டீசல் சொட்டுச் சொட்டாக வரும். எந்த இடத்தில் சொட்டு நிற்கிறதோ அங்கேதான் பம்ப் அடிக்க ஆரம்பிக்கிறது. மச்சினன் பிளைவீலைத் திருப்பினான். மெக்கானிக் குழலோடு கண்ணை ஒட்டி வைத்து, "வருது... வருது... மெதுவா... நின்னுடுச்சு" என்றான். சொட்டு நிற்கவேண்டிய குறிக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிற்கும்படி பம்பைச் சாய்த்து இறுக்கினான். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும் கொஞ்சம் கணீரென்று இருக்கும். டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் சுத்தம் செய்து போட்டிருந்தான். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த சிப்பியையெல்லாம் சுரண்டியிருந்தார்கள். ஆற்றில் ஓட்டிப் பார்த்தபோது படகு நிஜமாகவே துள்ளிக்கொண்டு போயிற்று.

"கத்தி மாதிரி போகுது மாப்ள!" என்று மாமனார் அவன் இரண்டு கன்னத்தையும் கிரீஸ் கையால் பிடித்து ஆட்டினார். கல்யாணத்தன்றுகூட அவர் அவனை அப்படித் தொட்டதில்லை.

சாயங்காலம் கன்னத்துக் கிரீஸைக் கழுவிக்கொண்டே அவன் முள்ளை நகர்த்திய கதையை மனைவியிடம் நடித்துக் காட்டினான். இடுப்பை வளைத்து மறைத்ததைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவனும் சிரித்தான்.

மாமனார் மாறிப்போனார். முதலில், தண்ணீர் இறங்க ஆரம்பிக்கிற நேரத்தில் வாயைக் கடந்து பார்த்தார். தாண்டிற்று. அடுத்து இன்னும் கொஞ்சம் தாமதமாக. அதுவும் தாண்டிற்று. அந்தச் சமயங்களில் அந்த என்ஜின் முன்னாலும் தாண்டியிருக்கும், அவர்தான் அதுவரை முயன்றதில்லை. ஒவ்வொரு தடவையும் பட்டறை வாசலில் நின்று, "உன் கை வேலைடா மாப்ள" என்று கத்திவிட்டுப் போனார். ஒருநாள் மாமியார் ஃப்ளாஸ்கை நீட்டியபோது, இனி இது எதுக்கு என்று அதை அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாராம். மாமியார் அதைப் பெருமையாக வந்து சொன்னாள். அவள் போனதும் மெக்கானிக் வீட்டுக்குள் போனான்.

"சொல்லிடலாமா?" என்றான் மனைவியிடம்.

"நல்லாத்தானே போயிட்டு இருக்கு. இப்பச் சொன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு."

அவனும் விட்டுவிட்டான். விடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றுதான் அவனும் இருந்தான்.

அப்புறம் மழை பெய்து ஆறு பெருகிய ஒரு காலையில், தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மாமனார் வாய்க்குள் நுழைந்தார். படகு திட்டின் மேல் கவிழ்ந்தது. மகனும் கூட இருந்த இரண்டு ஆட்களும் நீந்திக் கரையேறினார்கள். அவரைக் கடல் மறுநாள்தான் கொடுத்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. வீட்டில் அழுகையும் ஓய்ந்தது. மெக்கானிக்கும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அந்த விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்தால் யார் முதலில் யாரைக் குற்றம் சொல்வது என்கிற பயம். துறையில் வேறு ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுக்கான் பிடித்தது மகன். நடு வாயில் பயந்துபோய்ப் படகைத் திருப்பிவிட்டான், திருப்பியதால்தான் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்தது என்றார்கள். "சத்து ஏத்தின என்ஜின், நேரா பிடிச்சிருந்தா வந்திருக்கும். பையனுக்குத் தைரியம் பத்தல" என்று அவன் காது படவே சொன்னார்கள். அவன் துறைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு சாப்பாட்டை நிறுத்தினான். "எம்புள்ள என்னைப் பாத்துப் பேசியே நாளாச்சு" என்று மாமியார் மகளிடம் வந்து அழுதாள்.

அவன் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தான். தோளில் சாக்குப் பை. உள்ளே அந்தப் பம்ப். உடைந்த படகிலிருந்து என்ஜினை எடுத்தவர்கள், உப்பு பிடிக்காமல் இருக்கப் பம்பில் டீசலை நிரப்பி வைத்திருந்தார்கள். மெக்கானிக் கட்டிய ஈய சீல் அப்படியே இருந்தது.

"இதை பெஞ்ச்ல ஓட்டுங்க மச்சான்."

"இப்ப எதுக்குடா அது?"

"எனக்குத் தெரியணும்." கண் உள்ளே போயிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. "அன்னிக்கு நடு வாயில படகு நின்னுடுச்சு மச்சான். என்ஜின் கத்துது, படகு ஒரு அடி நகரல. பின்னால அலை வருது. அப்பா பக்கத்துல நின்னு, 'குடு, இன்னும் குடு, மாப்ள ஏத்தி வச்சிருக்காரு, இன்னும் இருக்கு'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. எனக்கு நம்பிக்கை வரல. திரும்பிப் போயிடலாம்னு சுக்கானை ஒடிச்சேன்." அவன் சாக்கிலிருந்து பம்பை எடுத்து நீட்டினான். "அவரு சொன்ன மாதிரி இன்னும் சத்து இருந்துச்சா, இல்லையா? இருந்துச்சுன்னா நான்தான் எங்கப்பாவைக் கொன்னது. அதைச் சொல்லிடுங்க, போதும்."

மெக்கானிக் பம்பை வாங்கினான். கழுவினான். பெஞ்சில் பூட்டினான். எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்தான். வீட்டுக் கதவருகில் மனைவி வந்து நின்றதைக் கண்டான். உண்மையைச் சொன்னால் இந்தப் பையன் பிழைப்பான். ஆனால் தம்பி முகத்தில் அவள் எப்படி விழிப்பாள்? அம்மா முகத்தில் எப்படி விழிப்பாள்? இதையெல்லாம் அவன் முழுசாக யோசித்தான் என்று சொல்ல முடியாது. பயந்தான், அவ்வளவுதான். இடுப்பு வளைந்தது. விரல் போய் முள்ளை அன்றைக்கு வைத்த அதே இடத்தில் வைத்தது.

மோட்டார் ஓடிற்று. டீசல் ஏறி, பழைய கோட்டைத் தாண்டி நின்றது.

மச்சினன் குழாய்களையே பார்த்தான். ஒவ்வொன்றாக விரலால் தொட்டான். அழவில்லை. பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிறவன் கழுத்தை நிமிர்த்துகிற மாதிரி ஒரு தடவை நிமிர்ந்தான்.

"இருந்திருக்கு," என்றான். "அவரு சொன்னது சரிதான்."

"அப்படிச் சொல்ல முடியாதுடா. ஆத்துல வெள்ளம்..."

"விடுங்க மச்சான். நீங்க சமாதானம் சொல்லாதீங்க. கேக்க வந்தது கிடைச்சுடுச்சு." அவன் சாக்கை எடுத்துக்கொண்டு திரும்பினான். போகிற ஆள் வீட்டுக்குத்தான் போவான் என்று அந்த முகத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

"தம்பி, நில்லு."

அவள் பட்டறைக்குள் வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெஞ்சின் பக்கவாட்டுக்குப் போனாள்.

"குழாயைப் பாக்காத. இந்த முள்ளைப் பாரு. இது எத்தனை அடிக்கணும்னு சொல்ற முள். எங்க நிக்கணுமோ அங்க நிக்கல. தள்ளி நிக்குது. அதிக நேரம் ஓடினா அதிகமா ஏறும், வேற ஒண்ணும் இல்ல. அன்னிக்கும் இங்கதான் நின்னுச்சு."

மச்சினனுக்கு உடனே விளங்கவில்லை. மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அந்தப் பம்ப்ல யாரும் எதையும் ஏத்தல," என்றாள் அவள். "ஏத்தினதா அப்பாகிட்டச் சொல்லுங்கன்னு சொன்னது நான். இவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் சொன்னேன்."

"சரியா வச்சு ஓட்டுங்க," என்றான் மச்சினன்.

மெக்கானிக் முள்ளை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. மோட்டார் ஓடி நின்றது. டீசல் பழைய கோட்டிலேயே, அன்றைக்கு முதலில் உள்ளபடி ஓட்டிக் காட்டியபோது எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில், நின்றது. மச்சினன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் அப்பா உட்கார மாட்டேன் என்ற ஸ்டூல். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அவன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அக்கா பக்கத்தில் நின்றாள். அவன் தலையைத் தொடப் போன கையைத் தானே இழுத்துக்கொண்டாள்.

அழுது முடித்து அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கேட்டான். "நிஜமாவே ஏத்தி விட்டிருந்தீங்கன்னா, அன்னிக்குத் தாண்டியிருக்குமா?"

மெக்கானிக்குப் பதில் தெரியும். அந்தக் காலையிலிருந்து அவன் மனசுக்குள் அந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறான். என்ஜின் என்றைக்காவது ஒருநாள் உருகியிருக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு உருகியிருக்காது. தெரியாது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மனைவிக்கு ஒரு பிடிமானம் மிஞ்சும். அவன் அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவளும் அவனை நேராகப் பார்த்தாள். சொல்லுங்கள் என்பது போல் தலையை அசைத்தாள்.

"தாண்டியிருக்கும்," என்றான்.

மச்சினன் தலையாட்டினான். "முடியாதுன்னு அவருகிட்ட நேரா சொல்லியிருந்தா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பாரு," என்றான் மெக்கானிக். "போயிருந்தாலும் தாண்டியிருக்கும்."

"அவன்கிட்ட போகாம இருந்திருந்தா?"

அதற்கு மனைவிதான் பதில் சொன்னாள்.

"வெளியில உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்திருப்பாரு."